தோட்டத்து வீட்டில் துப்பாக்கி: உரிமம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் இருந்த ஒரே குடும்பத்தினர் மூவர் கொல்லப்பட்டார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில் சிவகிரிப் பக்கம் இன்னொரு தோட்டத்தில் வயதான தம்பதி கொலையுண்டு கிடந்தது தெரியவந்தது. பிள்ளைகள் வெளியூரில், அக்கம்பக்கம் கூப்பிடு தூரத்தில் ஆள் இல்லை, ஊரை விட்டுத் தள்ளி ஒரு சாளை. கொங்கு நாட்டில் இப்படி வாழும் பெரியவர்கள் ஏராளம். "ஒரு துப்பாக்கி வாங்கி வைத்துவிட்டால் என்ன?" என்ற பேச்சு அதன்பின் கல்யாண வீட்டிலும் கறவை மாட்டுச் சந்தையிலும் கேட்காத நாள் இல்லை.

வழக்கறிஞர் என்ற முறையில் என்னிடம் வந்த கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். உரிமம் வாங்குவது எப்படி என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வாங்கிய பின் செய்ய வேண்டியவற்றை யாரும் கேட்பதில்லை. நான் பார்த்தவரை வழக்குகள் பிறப்பது அந்த இரண்டாவது பகுதியில்தான்.

என் உயிரைக் காக்கத் துப்பாக்கி வைத்துக்கொள்வது என் உரிமை இல்லையா?

உயிரைக் காத்துக்கொள்வது உரிமை. துப்பாக்கி வைத்துக்கொள்வது அரசு தரும் அனுமதி. அமெரிக்காவில் அது அரசமைப்பிலேயே எழுதப்பட்ட உரிமை. அங்குள்ள செய்திகளைப் படித்துவிட்டு இங்கே வாதாட முடியாது. நமக்கு 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகளும்தான் அடிப்படை. சட்டத்தின் 3ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் எவரும் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்கிறது. துப்பாக்கி இல்லாமல் இரண்டு தோட்டா மட்டும் மேசை இழுப்பறையில் கிடந்தாலும் இந்தப் பிரிவு பொருந்தும்.

யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும்? என்னென்ன பார்ப்பார்கள்?

கிராமப்புறம் என்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகம். கோவை, திருப்பூர், சேலம் போல மாநகரக் காவல் எல்லைக்குள் குடியிருந்தால் காவல் ஆணையர் அலுவலகம். விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். வன்முறை அல்லது ஒழுக்கக்கேடு தொடர்பான குற்றத்தில் சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தண்டனை முடிந்து ஐந்து ஆண்டுகள் வரை கிடையாது. நன்னடத்தைப் பிணையில் இருப்பவருக்கும் அந்தக் காலம் முடியும்வரை கிடையாது.

அடையாளச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றுடன், உடலும் மனமும் நலமாக இருப்பதற்கான மருத்துவச் சான்றும் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றதற்கான சான்றும் தேவை. வீட்டில் அதைப் பத்திரமாக வைத்திருப்பேன் என்ற உறுதிமொழியும் எழுதித் தர வேண்டும். பிறகு மனு உங்கள் எல்லைக் காவல் நிலையத்துக்குப் போகும். அங்கிருந்து வரும் அறிக்கைதான் பாதி முடிவு. பங்காளிகளோடு வாய்க்கால் தகராறு, பொதுப் பாதையில் வேலி போட்ட வழக்கு, கோயில் முதல் மரியாதைச் சண்டையில் பதிவான முதல் தகவல் அறிக்கை என எல்லாம் அப்போது மேலே வரும். அந்த வழக்குகளை நீங்கள் மறந்திருக்கலாம், நிலையத்துப் பதிவேடு மறக்காது. ஆகவே இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். தள்ளுபடியான வழக்கு உங்களை அவ்வளவாகப் பாதிக்காது. மறைத்த வழக்கு, உரிமம் கிடைத்த பின்னும் அதை ரத்து செய்யக் காரணமாகும்.

விதிப்படி காவல் துறை 30 நாட்களில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை வந்த 60 நாட்களுக்குள் அதிகாரி முடிவெடுக்க வேண்டும். அறிக்கை தாமதமானால் அதற்குக் காத்திராமலே ஆணை பிறப்பிக்கவும் சட்டம் இடம் தருகிறது. நடைமுறையில் அப்படித் துணிகிற அதிகாரியைக் காண்பது அரிது. எனவே காவல் நிலையத்துக்கு மனு போன தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒரு மாதம் கழிந்ததும் எழுத்து மூலம் நினைவூட்டுங்கள்.

எனக்கு இரண்டு ஏக்கர்தான். சொத்து மதிப்புக் காட்ட வேண்டுமா?

வேண்டியதில்லை. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமம் மறுக்கக் கூடாது என்று 14ஆம் பிரிவே சொல்கிறது. கௌரவத்துக்காகப் பண்ணையார்கள் வாங்கி வைத்த காலத்துப் பழக்கத்தில் இன்னும் சிலர் பட்டா நகல்களைக் கட்டாக வைத்து அனுப்புகிறார்கள். அதிகாரி பார்ப்பது உங்களுக்கு உண்மையான தேவை இருக்கிறதா என்பதைத்தான். தொழிலாலோ வேறு காரணத்தாலோ உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு தேவைப்படுகிறது என்று காட்ட வேண்டும். தோட்டத்து வீடு ஊரிலிருந்து எவ்வளவு தொலைவு, இரவில் வீட்டில் யார் யார், முன்பு திருட்டு நடந்து புகார் கொடுத்திருக்கிறீர்களா, மஞ்சள் அல்லது கொப்பரை விற்ற பணத்தைக் கையில் எடுத்து வருகிற தொழிலா என்பதை எழுதுங்கள். "நாட்டு நிலைமை சரியில்லை" என்று எழுதிய மனுவுக்கு என்ன பதில் வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எந்தத் துப்பாக்கி கிடைக்கும்?

பொதுமக்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் 12 போர் (குழலின் உள்விட்ட அளவைக் குறிக்கும் எண்) ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகளும் .32 ரிவால்வர், பிஸ்டல் போன்றவையும். 9 மி.மீ., .303 போன்றவையும் தானியங்கி ஆயுதங்களும் தடைசெய்யப்பட்ட வகை. அவற்றுக்கு மாவட்டத்தில் அனுமதி கிடைக்காது, மத்திய உள்துறைதான் தர முடியும். நமக்குப் பக்கத்துத் திருச்சிப் படைக்கலத் தொழிற்சாலையிலேயே 12 போர் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி தயாராகிறது. 20 அங்குலத்துக்குக் குறையாத நீளமும் வழவழப்பான உட்புறமும் உள்ள குழல் கொண்ட துப்பாக்கியைத் தற்காப்புக்குக் கேட்டால் சட்டம் சற்று இளக்கமாக நடந்துகொள்கிறது. ரிவால்வர் கேட்டால் ஏன் என்ற கேள்வி கூடுதலாக வரும். இடுப்பில் செருகிக்கொண்டு சந்தைக்குப் போகும் ஆசையை விண்ணப்பத்தைப் படிக்கிறவர் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்.

உரிமத்தில் அச்சிட்டிருக்கும் தோட்டா எண்ணிக்கையைத் தாண்டி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. துப்பாக்கிக் கடைக்காரர் ஒவ்வொரு விற்பனையையும் பதிவு செய்கிறார். உங்கள் கணக்கும் அவர் கணக்கும் ஒத்துப்போக வேண்டும்.

எங்கள் தோட்டம் காட்டை ஒட்டி இருக்கிறது. அதனால் எளிதாகக் கிடைக்குமா?

நேர்மாறாக, கடினமாகும். இது பலருக்குத் தெரியாததால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 34ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வனவிலங்குச் சரணாலயத்திலிருந்து 10 கி.மீ. சுற்றளவுக்குள் புதிதாகப் படைக்கல உரிமம் கொடுப்பதானால் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். ஒரு பகுதி சரணாலயமாக அறிவிக்கப்படும்போது, அதற்குள்ளும் 10 கி.மீ. சுற்றளவிலும் ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர்கள் மூன்று மாதத்துக்குள் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ள விண்ணப்பிக்க வேண்டும்.

இப்போது கொங்கு நாட்டு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தெற்கே ஆனைமலை. வடக்கே சத்தியமங்கலம், அது 2013இல் புலிகள் காப்பகமானது. அந்தியூர் பர்கூர் மலையில் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம், 2024இல் அறிவிக்கப்பட்டது. இவை யாருக்கும் தெரிந்தவை. ஆனால் சட்டத்தின் எழுத்தில் சரணாலயம் என்றால் சரணாலயம்தான், யானைக்கு ஒன்று நாரைக்கு ஒன்று என்று அது பிரித்துப் பேசவில்லை. சென்னிமலைப் பக்கத்து வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்கு வட்டம் போடுங்கள். திருப்பூரில் நஞ்சராயன் குளத்தைச் சுற்றிப் போட்டால் பனியன் கம்பெனிகள் நிறைந்த பாதி நகரம் உள்ளே வந்துவிடும். பின்னலாடை முதலாளி ஒருவர் தன் விண்ணப்பத்தோடு வனத்துறைக்கு என்ன சம்பந்தம் என்று கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. மனு ஏன் நகரவில்லை என்று காவல் நிலையத்தையே சுற்றுவதைவிட, கோப்பு வனத்துறையில் நிற்கிறதா என்றும் ஒரு முறை விசாரித்துவிடுங்கள்.

இன்னொன்று. உரிமம் கையில் இருந்தாலும் துப்பாக்கியோடு சரணாலயத்துக்குள் நுழைய முன் அனுமதி வேண்டும். திம்பம் மலைப்பாதையில் காரின் பின்பக்கம் துப்பாக்கியை வைத்துக்கொண்டு தாளவாடிக்குப் போகலாமா என்று கேட்டால், எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் போகாதீர்கள் என்பதே என் பதில்.

காட்டுப்பன்றி கடலையையும் மரவள்ளியையும் தோண்டிப் போடுகிறது. பயிர்ப் பாதுகாப்பு உரிமம் இருந்தால் சுடலாம்தானே?

இதுதான் இந்தப் பக்கத்திலேயே பெரிய குழப்பம். துப்பாக்கி வைத்திருக்க அனுமதிப்பது ஒரு சட்டம், விலங்கைக் கொல்ல அனுமதிப்பது வேறொரு சட்டம். படைக்கலச் சட்டம் பயிர்ப் பாதுகாப்புக்கென்று குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தருகிறது. அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால் வேறு வகையும் தரலாம். அந்த உரிமத்தைக் காட்டி நீங்கள் ஒரு பன்றியைக்கூடச் சுட முடியாது. வனவிலங்குச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் காட்டுப்பன்றி, பாதுகாக்கப்பட்ட உயிரினங்களைப் பட்டியலிடும் அதன் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. நிற்கும் பயிருக்கு நாசம் விளைவிக்கிறது என்று எழுத்து மூலம் ஆணை பிறந்தால்தான் அதைக் கொல்லலாம்.

2025 ஜனவரியில் தமிழ்நாட்டு அரசு சட்டமன்றத்தில் அறிவித்த ஏற்பாடு இது: காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் சுடவே கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் சுடலாம், ஆனால் சுடுபவர்கள் வனத்துறையினர். விவசாயி அல்ல. கிராம அளவில் குழு அமைத்து, புகார் வந்தால் பார்த்து முடிவெடுப்பார்கள்.

வாளையாறு தாண்டினால் கதை வேறு. கேரளத்தில் 2022 முதல் ஊராட்சித் தலைவருக்கே காட்டுப்பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள், உரிமம் உள்ள உள்ளூர்க்காரர்களைப் பட்டியலிட்டு அழைக்கிறார்கள். பாலக்காட்டு நண்பர் சுட்டதைப் பார்த்துவிட்டுப் பொள்ளாச்சியில் சுட்டால் நீங்கள் குற்றவாளி. இரண்டு மாநில விவசாயிக்கும் ஒரே பன்றிதான் என்பது உங்கள் நியாயம், எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. அந்த வாதத்தை மனுவாகக் கொண்டுபோக வேண்டிய இடம் சட்டமன்றம்.

மயிலைப் பற்றி ஒரே வரி: முதல் அட்டவணை, தேசியப் பறவை, வேட்டைக்குக் குறைந்தது மூன்று ஆண்டுச் சிறை. அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்த நாட்டு வெடி) வைப்பதும் மின்கம்பியை வேலியில் நேராகக் கொடுப்பதும் துப்பாக்கியைவிட எளிது என்று சிலர் இறங்குகிறார்கள். யானை வாய் சிதைந்தும், சொந்தப் பண்ணையாளே மின்சாரம் தாக்கியும் இறந்த வழக்குகள் நம் பக்கத்தில் இருக்கின்றன.

குடகில் எல்லோரும் உரிமம் இல்லாமலே வைத்திருக்கிறார்களே?

எல்லோரும் இல்லை. குடவர் இனத்தவருக்கும் அங்குள்ள ஜம்மா எனப்படும் பரம்பரை நில உரிமையாளர்களுக்கும் பிரிட்டிஷ் காலம் தொட்டு வரும் விலக்கு அது. மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்திருக்கிறது. நமக்கு அப்படி எதுவும் இல்லை. மாமனார் குடகுக்காரராக இருந்தாலும் இல்லை.

இரவில் திருடன் வந்தால் சுடலாமா?

பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையானவைதான் 2024 ஜூலை 1 முதல் புதிய எண்ணில் வந்திருக்கின்றன. உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாக அஞ்சும் நிலை வந்தால், தாக்குபவரின் உயிர் போகும் அளவுக்குத் தற்காத்துக்கொள்ளலாம். கொள்ளை நடக்கும்போதும், பொழுது சாய்ந்து மறுநாள் விடிவதற்குள் வீட்டை உடைத்து உள்ளே நுழையும்போதும் இந்த உரிமை உடைமைக்கும் நீள்கிறது.

ஆனால் இரண்டு கடிவாளங்கள் உண்டு. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. காவல் துறையை அழைக்க அவகாசம் இருந்தால் முதலில் அதைச் செய்ய வேண்டும். தோப்பில் தேங்காய் திருடுகிறவனைச் சுட இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. உள்ளே புகுந்தவன் திரும்பி ஓடும்போது முதுகில் சுட்டால், நீங்கள் அஞ்சியது எந்த உயிருக்கு என்று நீதிமன்றம் கேட்கும். துப்பாக்கிக்கு உரிமம் இருந்தது என்பது கொலை வழக்குக்குப் பதிலாகாது. அதேபோல, தற்காப்பு நியாயமானதே என்று முடிவானாலும் உரிமம் இல்லாத துப்பாக்கியால் சுட்டிருந்தால் படைக்கலச் சட்ட வழக்கு தனியாக நிற்கும்.

கேட்டதற்கு மேல் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். எழுபது வயதுத் தம்பதியின் வீட்டில் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் துப்பாக்கி, நள்ளிரவில் நாய் குரைப்பு நின்றுபோன பிறகு எவ்வளவு உதவும் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பூட்டாமல் தலைமாட்டில் வைத்தால் உறுதிமொழியை மீறியதாகும். வந்தவன் கையில் அது கிடைத்தால் நிலைமை இன்னும் மோசம். களத்தில் விளக்கு, கேமரா, உள்பக்கம் தாழிட்ட இரும்புக் கதவு, அடுத்த தோட்டத்துக்குக் கேட்கும் சைரன் ஆகியவற்றுக்கு எந்த உரிமமும் வேண்டாம். இவற்றைச் செய்து முடித்த பிறகு துப்பாக்கியைப் பற்றி யோசிப்பவர்களின் மனுக்களை நான் மனமாரத் தயாரித்துக் கொடுக்கிறேன்.

அப்பாருவின் (தாத்தாவின்) துப்பாக்கி பரணில் இருக்கிறது. அவர் இறந்து பல வருடமாகிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். தாழ்த்த வேண்டிய விஷயம்தான். உரிமம் ஆளுக்குத் தரப்படுகிறது, வீட்டுக்கல்ல. அப்பாரு கண் மூடிய நாளிலேயே அவர் உரிமமும் முடிந்தது. அதன்பின் துப்பாக்கி யார் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அவர் தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும் என்று படைக்கலச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்படைத்தால் போய்விடும் என்று பயப்படாதீர்கள். ஒப்படைத்த பின் வாரிசு தன் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் துப்பாக்கி திரும்பி வரும், இல்லையென்றால் உரிமம் உள்ள வேறொருவருக்கு விற்கலாம்.

ஒப்படைக்காமல் வைத்திருந்தால்? 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் உரிமமின்றி வைத்திருப்பதற்குக் குறைந்தது இரண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டுச் சிறையும் அபராதமும். "யாரும் தொட்டதில்லை, துரு ஏறிக் கிடந்தது, அப்பாரு ஞாபகமாக வைத்திருந்தோம்" என்பது மனத்தை உருக்கும், வழக்கை உருக்காது. சிறப்புக் காரணங்களை எழுதி நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம், அவ்வளவே. சொத்துப் பிரிவினையில் மனத்தாங்கல் கொண்ட ஒரு பங்காளி போதும், பரணில் இருப்பது நிலையத்துக்குத் தெரிந்துவிடும். எனவே தானாக முன்வந்து ஒப்படையுங்கள். இறப்புச் சான்றிதழ், பழைய உரிமப் புத்தகம், வாரிசுச் சான்று ஆகியவற்றோடு, தாமதத்துக்கான காரணத்தை மறைக்காமல் எழுதிய ஒரு கடிதத்தையும் கொண்டுபோங்கள். வழக்கறிஞர் ஒருவரைக் கூட அழைத்துச் செல்வது நல்லது. ரசீது இல்லாமல் துப்பாக்கியைக் கையைவிட்டு விடாதீர்கள்.

உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழி இருக்கிறது. அவருக்கு 70 வயது ஆகியிருந்தால், அல்லது அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தால், இரண்டில் எது முந்தியோ அப்போது சட்டபூர்வ வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். வீட்டில் பெரியவர் உரிமத்தோடு இருக்கிறார் என்றால் இந்த வேலையை இந்த வருடமே செய்துவிடுங்கள்.

வீட்டில் மூன்று இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் உரிமம் உண்டு.

பழைய சட்டம் மூன்றுவரை அனுமதித்தது. 2019 டிசம்பர் முதல் ஒருவருக்கு இரண்டுதான், பரம்பரையாக வந்தாலும் அதே கணக்கு. கூடுதலானதை ஒப்படைக்கக் கொடுத்த ஓராண்டு அவகாசம் எப்போதோ முடிந்துவிட்டது. கூடவே, உங்கள் உரிமத்தில் தேசியப் படைக்கல உரிமத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த எண் இல்லாத பழைய புத்தகம் செல்லாது.

புதுப்பிக்க மறந்துவிட்டால்?

உரிமத்தின் ஆயுள் முன்பு மூன்று ஆண்டு, இப்போது ஐந்து. முடிவதற்கு 60 நாட்களுக்கு முன்பே விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். தேதி கடந்துவிட்டால் துப்பாக்கி உரிமமற்றதாகிவிடுகிறது. உடனே ஒப்படைத்துவிட்டுப் பிறகு புதுப்பிக்கக் கேளுங்கள். அறுவடையும் ஆலைக்குக் கரும்பு வெட்டும் வந்துவிட்டன என்பதை விதிகள் ஒரு காரணமாகக் கருதுவதில்லை.

கல்யாணத்தில் வானத்தை நோக்கி ஒரு வெடி வெடித்தால் என்ன?

வட இந்தியப் பழக்கம் இங்கே ஏன் வர வேண்டும் என்று தெரியவில்லை. கைப்பேசியில் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். மகிழ்ச்சிக்காக மற்றவர் உயிருக்கு ஆபத்து விளையும்படி சுடுவது 2019 முதல் தனிக் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சுடாமல் கொண்டுபோனால் தப்பில்லை என்று நினைக்காதீர்கள். திருவிழா, சந்தை, சுவாமி ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிலைய வளாகம் ஆகியவற்றுக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோகக் கூடாது என்பது உரிமத்தில் அச்சிட்ட நிபந்தனை. அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்கு லட்ச ரூபாய் குதிரை வாங்கப் போகிறவர், பணத்துக்குப் பாதுகாப்பு என்று துப்பாக்கியை எடுத்துச் சென்றால் அதுவும் மீறல்தான். நிபந்தனை மீறலுக்கு ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம். அதைவிட அதிகம் நடப்பது உரிம ரத்து.

பாலக்காட்டுக்கோ மைசூருக்கோ எடுத்துச் செல்லலாமா?

உரிமத்தில் செல்லுபடியாகும் பரப்பு என்று ஒரு கட்டம் இருக்கும். மாவட்டமா, மாநிலமா, இந்தியா முழுவதுமா என்று பாருங்கள். தமிழ்நாடு என்று மட்டும் எழுதியிருந்தால் வாளையாறு சோதனைச் சாவடியைத் தாண்டிய நொடியில் நீங்கள் உரிமம் இல்லாதவர். எல்லைக்குள் எடுத்துச் சென்றாலும் உறையில் இருக்க வேண்டும், பிறர் கண்ணில் படும்படி ஆட்டிக்கொண்டு போகக் கூடாது. போலீஸ்காரர் கேட்டால் உரிமத்தை அங்கேயே காட்ட வேண்டும்.

தேர்தல் என்றால் எங்கள் துப்பாக்கியை ஏன் வாங்கிக்கொள்கிறார்கள்?

தேர்தல் தேதி அறிவித்ததும் மாவட்டத்தில் ஒரு பரிசீலனைக் குழு உரிமதாரர் பட்டியலைப் பார்த்து, யார் ஒப்படைக்க வேண்டும் என்று முடிவெடுக்கிறது. பிணையில் இருப்பவர், பழைய வழக்கு உள்ளவர், முந்தைய தேர்தல்களில் கலவரத்தில் ஈடுபட்டவர் ஆகியோரை முதலில் பார்ப்பார்கள். நடைமுறையில் பெரும்பாலும் எல்லோருக்குமே அழைப்பு வந்துவிடுகிறது. வங்கிக் காவலர்களுக்கும் துப்பாக்கிச் சுடும் போட்டி வீரர்களுக்கும் விலக்கு உண்டு. உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்று ஆதாரத்தோடு குழுவுக்கு எழுதி நீங்களும் விலக்குக் கேட்கலாம். முடிவு அறிவித்து ஒரு வாரம் ஆன பின் திருப்பித் தர வேண்டும்.

இதில் ஒரு நியாயமான குறை இருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் நமக்கு ஏப்ரல் 19 அன்றே வாக்குப்பதிவு முடிந்தது, முடிவு வந்ததோ ஜூன் 4. ஈரோடு கிழக்குத் தொகுதிக்காரர்களுக்கு இரண்டு ஆண்டுக்குள் 2023 பிப்ரவரியிலும் 2025 பிப்ரவரியிலும் இடைத்தேர்தல்கள் வேறு. தற்காப்புக்கு என்று வாங்கியது மாதக்கணக்கில் நிலையத்து அறையில் இருக்கிறது. எனக்கும் இது கொஞ்சம் அதிகமாகவே தெரிகிறது. ஆனாலும் முதல் அழைப்பிலேயே கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். வழக்குப் போட வேண்டுமானால் கொடுத்த பின் போடலாம்.

ஏர்கன் வாங்க உரிமம் வேண்டுமா?

0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மி.மீ.க்கு, மிகாத குழல் விட்டமும் 20 ஜூலுக்கு மிகாத குழல்வாய் ஆற்றலும் கொண்டவற்றுக்கு வேண்டாம். அதற்கு மேற்பட்டவற்றுக்கு வேண்டும். உரிமம் வேண்டாத ஏர்கனால் கௌதாரியையும் மயிலையும் சுடலாம் என்று பொருளில்லை. வனவிலங்குச் சட்டம் கருவியைப் பார்ப்பதில்லை.

மகனோ பண்ணையாளோ எடுத்துச் சுடலாமா?

கூடாது. பழுது பார்க்கவோ உரிமம் புதுப்பிக்கவோ கொண்டுபோவதானால் உங்கள் கையெழுத்திட்ட கடிதத்தோடு இன்னொருவர் எடுத்துச் செல்லலாம். மற்றபடி நீங்கள் இல்லாதபோது பெட்டிச் சாவி உங்களிடமே இருக்க வேண்டும். துப்பாக்கி தொலைந்தாலோ திருடு போனாலோ உடனே நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருக்கும் நாட்களில் அது எங்காவது பயன்பட்டுவிட்டால், விசாரணை உங்கள் வாசலில்தான் தொடங்கும்.

மனுவைத் தள்ளிவிட்டார்கள். இனி வழி உண்டா?

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பொதுநலனுக்கு ஊறு என்று அதிகாரி கருதினாலொழிய, சுருக்கமாகவேனும் தர வேண்டும். ஆணை கிடைத்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் முடியாவிட்டால் சென்னை உயர் நீதிமன்றம். "பொது அமைதி" என்ற இரண்டே சொற்களில் தள்ளப்பட்ட மனுக்களுக்கு மேல்முறையீட்டில் நல்ல வாய்ப்பு உண்டு. காவல் அறிக்கை ஒரு குறிப்பிட்ட சம்பவத்தைச் சொல்லித் தள்ளியிருந்தால் அந்தச் சம்பவத்துக்குப் பதில் சொல்லாமல் மேலே போவதில் பயனில்லை.

மலைப்பக்கம் நாட்டுத் துப்பாக்கி மலிவாகக் கிடைக்கிறதாமே?

கிடைக்கலாம். செய்கிறவருக்கும் விற்கிறவருக்கும் தண்டனை ஏழு ஆண்டில் தொடங்கி ஆயுள்வரை போகிறது. வாங்கி வைத்திருப்பவருக்கு மேலே சொன்ன இரண்டு முதல் ஐந்து ஆண்டு. கரிமருந்தும் ரவையும் கெட்டித்த குழாய் சுடுகிறவர் முகத்திலேயே வெடிப்பது உண்டு என்பது தனி. இப்படி ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருந்தால் கிணற்றில் போடவோ காட்டில் புதைக்கவோ முயலாதீர்கள், அது சாட்சியத்தை மறைத்த குற்றத்தையும் சேர்க்கும். சில மலைக் கிராமங்களில் உரிமமற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி காவல் துறை அவ்வப்போது அறிவிப்பதுண்டு. அப்படி ஓர் அறிவிப்பு இருக்கும்போது ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் கொடுப்பது நல்லது. இல்லாதபோது வழக்கறிஞர் மூலம் போங்கள். படைக்கலச் சட்டத்தின் 3ஆம் பிரிவுக் குற்றத்துக்கு வழக்குத் தொடர மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி தேவை. தானாக வந்து ஒப்படைத்தவர் என்ற குறிப்பு அந்தக் கோப்பில் இருந்தால் அதை அவரிடம் எடுத்துச்சொல்ல நமக்கு இடம் கிடைக்கும்.